தொட்டுக் கும்பிட்ட மூலை

நெம்மேலிக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்த பரிமளாவுக்கு மீனுக்குச் செதில் எடுக்கத் தெரியும், கூறு கட்டி விற்கத் தெரியும். மீனுக்குப் பாடம் நடத்துவார்கள் என்றுதான் நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. கேளம்பாக்கத்து ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதையும் பார்த்துவிட்டாள்.

பாடம் நடத்தியது ஒரு ரப்பர் மீன். அதன் வயிற்றில் காந்தம். தொட்டிக்கு அடியில் ஓடும் சின்ன வண்டி அதை இழுத்துக்கொண்டு போகும். தொட்டிக்குள் எட்டு கப்பி மீன்கள். இரண்டு மூலைகளில் ஏதோ ஒன்றில்தான் இரை விழும். ரப்பர் மீன் முன்னால் போய் அந்த மூலையைக் காட்டினால் மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுமா என்பது ஆராய்ச்சியாளர் ரூத்தின் கேள்வி.

ரூத்தைவிட அந்தக் கேள்வி பரிமளாவைத்தான் பிடித்து ஆட்டியது. ஒரு மடவை மீன் வலையைத் தாண்டினால் கூட்டமே தாண்டும் என்று அவள் வீட்டு ஆண்கள் திட்டிக்கொண்டே சொல்வார்கள். முதலில் தாண்டுவது பொய் மடவையாக இருந்தால்? சோறு வடிக்கும்போதும் ஷேர் ஆட்டோவில் இடிபடும்போதும் அவளுக்கு இதே யோசனை.

நான்கு மாதமாக எட்டு மீனும் ரப்பர் மீனின் பின்னால் போயின. ரூத் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

திங்களன்று நாத்தனார் மகள் வளைகாப்பு என்று பரிமளா லீவு போட்டாள். அன்று ரூத்தே இரை வைத்தாள்; ஒரு மீன்கூட அசையவில்லை. பேட்டரிதான் கோளாறு என்று ரூத் வண்டியைப் பிரித்துப் போட்டாள். செவ்வாய் பரிமளா வந்தாள். மீன்கள் சமர்த்தாகப் போயின. ரூத்துக்கு நிம்மதி. விஷயத்தைக் கேட்ட பரிமளாவோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகில் ஏறுமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குடும்பம் அவளுடையது. இங்கே சோறு போடுவது தொட்டி. இரை வைப்பதும் அவள் வேலைதான். அதனால் அன்றன்றைக்கு ரூத் சீட்டில் குறித்திருக்கும் மூலையின் இரைப்பெட்டியை நிரப்புமுன், அந்த மூலைக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நாள் தவறியதில்லை.

புதனன்று சீட்டில் இடது மூலை. ரூத் டீ குடிக்கப் போயிருந்தபோது பரிமளா இரையை இடது மூலையில் நிரப்பிவிட்டு, வலது மூலையைத் தொட்டுக் கும்பிட்டாள். ரூத் வந்து வண்டியை ஓட்டினாள். ரப்பர் மீன் தன்னந்தனியாக இடப்பக்கம் போனது. எட்டு மீனும் வலப்பக்கம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ரூத் மறுபடி திருப்புளியைத் தேடினாள். பரிமளா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொன்னால் நான்கு மாத உழைப்பு பாழ், வேலைக்கே உலை வைத்தாலும் வைக்கும். ஆனால் பொய் விடையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தன்னைப் பிடித்து ஆட்டிய கேள்விக்கு நிஜ விடை தெரிந்தாக வேண்டும்.

“மேடம், வண்டி நல்லாத்தான் கீது. அதுங்க பொம்மை பின்னாடி போவல, என் கை பின்னாடி போவுதுங்க,” என்றாள். தொட்டும் காட்டினாள்.

ரூத் தேடுவதை விட்டுவிட்டு, கட்டுரைக் காகிதங்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பரிமளாவுக்கு. கடைசியில் ரூத், கட்டுரை போகாது என்றாள். இரண்டு வாரம் பரிமளா அந்த அறைக்குள் வரக்கூடாது. மீன்களுக்குக் கை தெரியாதபடி தொட்டியை மூடிவிட்டு இரையைத் தானே வைப்பதாகச் சொன்னாள்.

பதினைந்தாம் நாள் பரிமளா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். ரூத் எட்டிப் பார்த்தாள்.

“எட்டுல மூணு பொம்மை பின்னாடி போச்சுக்கா.”

மிச்சம் ஐந்து என்ன செய்தன என்று பரிமளா கேட்டாள். அவள் வழக்கமாக வந்து நிற்கும் பக்கத்தைவிட்டு அவை நகரவேயில்லை என்றாள் ரூத்.

பரிமளாவுக்கு ஓடிப்போய் ஒருமுறை தொட்டுவிட வேண்டும்போல் இருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“அஞ்சு என்னப் பாத்துகினு கீது மேடம். மூணுதான் கத்துகினுது,” என்றாள். “அதையே எழுதுங்க.”