கட்டாத வெள்ளைக் கொடி

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கையில் யாராவது இறந்தால், வீதியிலிருந்து வாசல்வரை கயிறு இழுத்து வெள்ளைக் கொடி கட்டுவது அயலவர் வேலை. மரண வீட்டார் அதைத் தொடுவதில்லை. அம்மா இறந்த காலை ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது.

காரணம் எங்கள் மதில். உள்ளூராட்சித் தேர்தலில் இந்த ஒழுங்கையிலிருந்தே இரண்டு பேர் எதிரெதிராக நின்றார்கள். போஸ்டர் ஒட்ட இருவரும் கேட்டார்கள். அப்பா இருவருக்கும் தலையாட்டினார்.

"வீடு தேடி வந்தவங்கள வேணாம்னு எப்படிய்யா சொல்றது?"

அவருக்கு அது மரியாதை. அவர்களுக்கோ துரோகம். "ஒங்க மதிலுக்கு ரெண்டு ஓட்டோ?" என்று சந்திக் கடையில் சிரித்தார்கள். இருவரும் தோற்றபின் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது; இரு பக்கத்தாரும் எங்களோடு பேச்சை விட்டார்கள்.

வெகுநேரம் வாசலைப் பார்த்திருந்த அப்பா, தாமே கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டு முஸ்லிம் அம்மா ஓடிவந்து மறித்தார். தோற்றவர்களில் ஒருவர் அவருடைய மகன்.

"இங்க தாங்க அண்ணே. மௌத்தான ஊட்டு ஆக்கள் இதக் கட்டப்படாது."

தனக்கு எட்டிய உயரத்தில் அவர் தனியாகக் கட்டினார். மகன் கேற்றடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

காரியம் முடிந்ததும் என் அக்கா, கலகெதரையில் தன்னோடு வந்து இருக்கும்படி அப்பாவைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கடிதம் வந்தால் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். அன்று இதையும் கேட்டார்: "நீ படிச்சவன், சொல்லு. இருக்கவா, போகவா?"

தேர்தலை வைத்து ஊரை அளக்கக்கூடாது என்றேன். போன வருஷம் அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது, மழையில் த்ரீவீல் பிடித்து வந்தவர் அதே எதிர்வீட்டு மகன்தானே என்றேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

அப்பா முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்றது சரிதாய்யா. எலெக்ஷன் திரும்ப வரும். ஒங்கம்மா திரும்ப சாவாளா?"

மறுவாரம் அவரைக் கண்டியில் கலகெதரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். அப்பா அடிக்கடி போன் எடுப்பார். மழையா என்பார். எதிர்வீட்டு அம்மா சுகமா என்பார். அவர் மகனைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஒழுங்கையில் எதிர்ப்படும்போது அந்த மகனும் நானும் தலையைக் குனிந்துகொள்வதை நானும் சொல்வதில்லை.