பையில்லாமல் இறங்கியவர்

என் மனைவி பிரேமலாவிடம் சின்ன வயதுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. லாயாங் லாயாங் என்ற ஊரில் அவர்கள் இருந்த வீட்டுக்குள் ஒருமுறை வெள்ளம் புகுந்து ஆல்பம் முழுவதும் கூழாகிவிட்டது. வேறு யாராவது இருந்தால் போனது போகட்டும் என்று விட்டிருப்பார்கள். இவளோ நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அந்தப் படங்களையெல்லாம் மறுபடியும் எடுக்கக் கிளம்பினாள், தானே நடித்து.

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டின் பின்புறம் ஸ்டூடியோ ஆகிவிடும். கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நிற்பாள். படத்தில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாரும் அவள்தான். இரட்டைச் சடையோடு அழுகிற பிள்ளையும் அவள், பிரம்போடு முறைக்கிற டீச்சரும் அவள். தனித்தனியாக எடுத்துக் கைப்பேசியிலேயே ஒட்டிவிடுவாள். ஸ்டாண்டு சாயாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

அவள் அம்மா, என் அத்தை வெள்ளையம்மா, எங்களோடுதான் இருக்கிறார். நாற்காலியைப் பின்வாசலில் போட்டு உட்கார்ந்து, “அந்த வயசுல உனக்கு முன்பல்லே இல்லடி, வாய மூடு” என்று திருத்தம் சொல்வார். சிரிப்புக்குக் குறைச்சல் இருக்காது.

ஒரு படத்தை மட்டும் பிரேமலா கடைசிக்கென்று வைத்திருந்தாள். அவள் அப்பா தங்கராஜு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஊருக்கு வருவார். ஏழு வயதுப் பிரேமலா பிளாட்பாரத்தில் நிற்பாள். ரயில் நின்றதும் அவர் வெறுங்கையோடு இறங்குவார். மகளைப் பார்த்துச் சிரிப்பார். பிறகுதான் திரும்ப ஏறி, ரயில் நகர்வதற்குள் பையை எடுத்துக்கொண்டு குதிப்பார்.

“என்னப் பார்த்த சந்தோஷத்துல பேக்கையே மறந்துடுவாருங்க!”

கல்யாணமான புதிதிலிருந்து நான் கேட்டுவரும் கதை இது. நான் அவளுடைய பிறந்தநாளை மறந்தாலும் இந்தக் கதைதான் வரும், பால் வாங்க மறந்தாலும் இந்தக் கதைதான். செத்துப்போன மாமனாரோடு போட்டி போட்டு ஜெயித்த மருமகன் உலகத்தில் உண்டா?

அத்தை மட்டும், “அது வேணாம்டி, வேற ஏதாச்சும் எடு” என்றார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

பழைய ஸ்டேஷன் இப்போது இல்லை. அதனால் எங்கள் சமையலறையின் பின்கதவு ரயில் பெட்டியாயிற்று, அதன் இரும்பு கிரில் கைப்பிடிக் கம்பியாயிற்று. முதலில் பவுடர் அப்பி, ரிப்பன் கட்டி, சுவரோரம் பிள்ளையாக நின்று எடுத்துக்கொண்டாள். பிறகு என் சட்டையையும் கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு அப்பாவாகக் கதவுக்குப் போனாள். நீலப் பையை உள்ளே வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே குதித்தாள்.

படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இப்படி இல்லங்க. அப்பா உடனே சிரிக்க மாட்டாரு. மொதல்ல பார்ப்பாரு.”

மறுபடி இறங்கினாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். கை கம்பியைப் பிடித்தபடி. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“எறங்க வந்த மனுஷன் ஏங்க கம்பிய விடல?”

“அட அலமாக்! உள்ள பேக் இருக்குலா. அந்த நெனப்பா இருக்கும்” என்றேன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவள் தன் அம்மாவிடம் திரும்பினாள். அத்தை நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அப்பா பேக்க உள்ளயே வச்சிட்டு எதுக்கு எட்டிப் பார்த்தாரு?”

“நீ நிக்கிறியான்னு பார்க்கத்தான்.”

“நின்னா?”

“எறங்குவாரு.”

“நிக்கலன்னா?”

அத்தை நெத்திலித் தட்டைக் கீழே வைத்தார். “எறங்காம அதே ரயில்ல குளுவாங் வரைக்கும் போயிடுவாரு. அங்க ஒருத்தி இருந்தா. தனி வீடு.”

பிரேமலா படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தையோ அடைத்து வைத்ததையெல்லாம் கொட்ட ஆரம்பித்தார். “நான் போய் நின்னா எறங்க மாட்டாருன்னு தெரியும். புள்ள நின்னா தாண்டிப் போக மனசு வராது. அதான் தல வாரி, பவுடர் போட்டு, உன்ன அனுப்பினேன். எனக்கு வேற என்னடி வழி இருந்திச்சி?”

எனக்கு அந்த மனுஷன் மேல் கோபம், இந்த அம்மா மேல் அதைவிடக் கோபம். தூண்டிலில் புழுவைக் கோர்ப்பதுபோல ஒரு குழந்தையைக் கோர்த்து ஸ்டேஷனில் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தையும் வாரம் தவறாமல் ரிப்பன் கட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறது. தாலி கட்டியவரைத் துரோகி என்று சொல்லலாம். பெற்றவளை என்னவென்று சொல்வது?

“அப்பா செஞ்சத விடும்மா. இத நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றாள் பிரேமலா. “நீ பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்த?”

“சொல்றப்ப உன் மொகம் அப்படி மலரும். எப்படிடி சொல்வேன்?” அத்தை தலையைக் குனிந்துகொண்டார். உடனே நிமிர்ந்துகொண்டார். “ஆனா ஒண்ணு. ஒரு வாரம் விட்டிருந்தாலும் அவரு நம்ம கைய விட்டுப் போயிருப்பாரு. காய்ச்சல்லகூட உன்ன அனுப்பினேன். நீ நின்ன, அவரு எறங்கினாரு. கடைசியில நம்ம வீட்டுலதானே கண்ண மூடினாரு? ஜெயிச்சது நாமதான்டி.”

பிரேமலா என் சட்டையின் கையால் முகத்தில் இருந்த பவுடரைத் துடைத்தாள். அழவில்லை.

“நீ ஜெயிச்சம்மா. நான் அப்பா என்னப் பார்க்க வர்றாருன்னு நின்னேன்.”