சீட்டில் என் பேர்

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், எழுத வருவது என் பேர் ஒன்றுதான். அதை மட்டும் அழகாக எழுதுவேன். அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பேன். கைநாட்டு வைத்தவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார்.

"உங்க போப்பைத் தேர்ந்தெடுக்கற படம் போடறான். தமிழ்லயே பேசறா. வந்து எனக்கு அர்த்தம் சொல்லுங்கோ."

போனேன். பழைய பாப்பரசர் இறந்துவிட, பெரிய சாமியார்களான கர்தினால்மாரை உள்ளே வைத்துப் பூட்டிப் புதியவரைத் தேர்ந்தெடுக்கும் கதை. யார் யாரைக் கவிழ்ப்பார் என்று துப்பறியும் படம் மாதிரி ஓடியது. இன்னும் முடிவாகவில்லை என்றால் கரும்புகை, புதியவர் கிடைத்துவிட்டால் வெள்ளைப்புகை என்று மாமிக்கு விளக்கினேன். "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம், "வாய்தான் வேண்டாங்குது, கண்ணைப் பாருங்க" என்று சிரித்தேன். ஒருவர் கையால் மூடி மூடிச் சீட்டு எழுதினார்.

"ஏன் இப்படி மறைக்கறார்? தன் பேரையே எழுதிக்கறாரோ?"

"சேச்சே, வெட்கங்கெட்டவங்கதான் அப்படி எழுதுவாங்க மாமி."

மறுநாள் எங்கள் அன்பியத்துக்குத் தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம், அதுதான் அன்பியம். தலைவி மணியடித்து ஜெபத்தைத் தொடங்குவாள். பல வருஷமாக அந்த மணி என் வீட்டில்தான் இருந்தது. தேர்ந்தெடுப்பது என்பது பேச்சுக்குத்தான். "வயசாச்சு, வேண்டாம்" என்பேன். "நீங்கதாம்மா இருக்கணும்" என்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்பேன். மூன்றாம் தடவை கெஞ்சியதும் சரி என்பேன். எடுத்த எடுப்பில் சரி என்றால் அலைகிறவள் என்று ஆகிவிடாதா?

இந்தத் தடவை எங்கள் சர்ச்சின் பங்குச்சாமியார் புதியவர். நான் வேண்டாம் என்று வாயெடுத்ததுமே, "நல்லதும்மா, நீங்க ஓய்வா இருங்க. எல்லாரும் சீட்டு எழுதிப் போடுங்க" என்றார். கெஞ்சுவதற்கு அவர் நேரமே கொடுக்கவில்லை என்று அப்போது கோபப்பட்டேன். யோசித்தால், கொடுத்தார்தான். யாரும் வாய் திறக்கவில்லை.

சீட்டு என் கைக்கும் வந்தது. வேறு பேர் எழுதத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வெறும் சீட்டை மடித்துப் போட்டிருக்கலாமே. பக்கத்தில் இருந்தவளிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கலாமே. முந்தானையால் மறைத்துக்கொண்டு என் பேரை எழுதினேன். கை பழக்கத்தில் அடியில் கோடு இழுத்துப் புள்ளியும் வைத்துவிட்டது.

சாமியார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். கைலாசபுரத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒருத்தியின் பேரே திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் என் பேரைப் படித்தார்.

"யாரோ அம்மா மேல உயிரையே வச்சிருக்காங்க. கோடு, புள்ளியெல்லாம் போட்டிருக்காங்களே!" என்று தூக்கிக் காட்டினார், பாவம், விவரம் தெரியாத மனுஷர்.

அன்பிய நோட்டில் என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கோடு யாருடையது என்று அங்கே அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பின்னால் யாரோ இருமுகிற மாதிரி சிரிப்பை அடக்கினார்கள். என் காது கொதித்தது.

"நான்தான் சாமி எழுதினேன்" என்றாள் கைலாசபுரத்துக்காரி. "அம்மாதான் தொடர்ந்து இருக்கணும்னு ஆசைப்பட்டேன்."

நான் உண்மையைச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், ஏதோ நன்றி சொல்கிற மாதிரி. சீட்டு எழுதியதைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்னும் என்னைக் கூசவைக்கிறது.

சாயங்காலம் மாமி படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்: "உங்காத்து எலெக்‌ஷன்ல வெள்ளைப்புகை வந்துதா?"

"நான் நிக்கவே இல்லைங்க மாமி" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

இரண்டொரு நாளில் கைலாசபுரத்துக்காரி மணியை வாங்க வந்தாள். புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தேன். அந்தச் சீட்டு என் எழுத்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன், காபி போடட்டுமா என்று கேட்டுவிட்டேன். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தவள், "எனக்குப் பழக்கமில்லைங்கம்மா. முதல் ஜெபத்தை நீங்களே மணியடிச்சு ஆரம்பிச்சு வைக்கிறீங்களா?" என்றாள்.

வேண்டாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. இவள் இன்னும் இரண்டு தடவை கேட்பாளா, மாட்டாளா என்று மனசு கணக்குப் போட்டது.

"வரேன்" என்றேன், முதல் தடவையிலேயே. அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.