பார்க்காமல் போட்ட கையெழுத்து

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எங்கள் வீட்டுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். நகரசபை உதவியோடு குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளில் யார் யார் வசிக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்த ஆட்கள்தானே என்று பழைய பட்டியலிலேயே கையெழுத்துப் போட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு நகரசபை அதிகாரி நேரில் பார்க்க வந்தார். மூன்றாம் மாடியில் செல்வம் அண்ணையின் கதவைத் தட்டினோம். கைக்குழந்தையோடு, நான் பார்த்தே இராத ஒரு தமிழ்ப் பெண் திறந்தாள்.

"செல்வம் அண்ணை இல்லையோ?"

"அவர் ஆராவ் நகரத்துக்குப் போய் ரெண்டு வருசமாச்சு அக்கா. அவரிட்டைத்தான் கூடின வாடகைக்கு இருக்கிறம். முதல் உங்கட சங்கத்திலைதான் கேட்டனாங்கள். வீடு காலியில்லை எண்டு கடிதம் வந்தது. எங்களை வீட்டை விட்டு எழுப்பிப்போடுவியளோ?"

அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் நான்தான்.

அதிகாரி பட்டியலை நீட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஆமாம். பார்க்காமல் போட்டேன்" என்றேன்.

அண்ணையின் ஒப்பந்தத்தை ரத்துச் செய்து, அந்தக் குடும்பத்துக்கே வீட்டைக் கொடுத்தோம். சாவி வாங்க வந்த அன்று அவள் எனக்கு நன்றி சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.