சாப்பிரா விதையின் சிவப்பு

ரங்கூனின் ஓரமாக, தின்கன்ஜூனில் உள்ள எங்கள் வீட்டில் என் மருமகள் தாய்லாந்து நூடுல்ஸ் செய்யச் சூடான எண்ணெயில் சாப்பிரா விதைகளைப் போட்டாள். எண்ணெய் செக்கச்செவேலென்று மாறி, மண்ணும் மிளகும் கலந்தது போன்ற வாசனை எழுந்தது. நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ரங்கூனுக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. லான்மடாத் தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிரே, சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த மா செயின் நூடுல்ஸ் விற்றாள். அவள் அந்த விதையை எண்ணெயில் வதக்கி நிறம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஒரு மாலை சுகாதார அதிகாரியான வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருடைய பியூனான என் அப்பாவும் கூட வந்தார். துரை சட்டியைப் பார்த்துத் துணிச்சாயம் என்றார்.

மா செயின் அப்பாவிடம் அரைகுறைத் தமிழில் கெஞ்சினாள். "ஐயா, நீ தினம் சாப்பிடுறே. விதைன்னு சொல்லு."

அப்பா துரையின் பக்கம் நகர்ந்து நின்றார். நான் ஓடிப்போய், "சாயம் இல்ல தொரை, விதை!" என்று கத்தினேன்.

குழந்தை என்ன சொல்கிறாள் என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். பசிக்கிறதாம் என்று அப்பாவும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். பள்ளியில் நான் கற்றிருந்த சில ஆங்கிலச் சொற்களில் 'ஹங்க்ரி'யும் ஒன்று.

துரை என் கன்னத்தைத் தட்டிவிட்டு, சட்டியைச் சாக்கடையில் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தது அப்பாதான். மா செயின் காலிச் சட்டியோடு போனாள். அப்புறம் அந்தத் தெருவுக்கு வரவேயில்லை.

வீட்டில் அப்பா என்னையே பார்த்தார். "நான் சொன்னா மட்டும் தொரை கேட்டிருப்பாராம்மா?"

கேட்டிருக்க மாட்டார் என்று நான் தலையாட்டும்வரை அவர் சோற்றில் கைவைக்கவில்லை.