மிதக்காத வீட்டுக்குத் தோணித் தரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி பொன்னம்மாள் அறைக்குள் மாட்டிக்கொண்டாள். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. தரை எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டது!

தரை எங்கேயாவது எழுந்திருக்குமா என்கிறீர்களா? ஐப்பசி மழையில் தூத்துக்குடிக்கு வந்து பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் என் பலகைத் தரையைப் பற்றி நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மறந்திருந்தால் ரொம்ப நல்லது.

விஷயம் இதுதான். பொன்னம்மாளுக்கு இழுப்பு உண்டு. மழை பிடித்தால் எங்கள் வீட்டு சிமெண்டுத் தரை ஈரம் கோத்துக்கொள்ளும். அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதனால் கல்யாணமான வருஷத்திலிருந்து, ஐப்பசி பிறந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அவரும் நெல் மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டுத் தங்கைக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பார். திரும்பி வரத் தை ஆகும். அந்த மூன்று மாதமும் நான் காபி கிளப்பில் சாப்பிட்டுவிட்டு, ஷிப்பிங் ஆபீசுக்கும் வீட்டுக்கும் பேயறைந்தவன் மாதிரி நடப்பேன்.

இந்த வருஷம் டாக்டர் ஒரு யோசனை சொன்னார் — சிமெண்டுக்கு மேல் பலகை போடுங்கள். போடலாம்தான். யுத்தம் வந்ததிலிருந்து தேக்கு கண்ணில் படுகிறதா? தோணி கட்டும் சூசை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். தன் பட்டறையில் மீந்த பலகைகளைக் கொண்டுவந்து, பங்குனி வெயிலில் அவரே தரை போட்டார். சுவரிலிருந்து சுவர் வரை இறுக்கி அடித்து, இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் திணித்து...

"ஒரு சொட்டு இறங்காது ஐயா. இறங்குச்சுன்னா என்னை ஏன்னு கேளுங்க" என்றார்.

இறங்கவில்லை. ஆனால் முதல் மழைக்கே பலகைகள் முனக ஆரம்பித்தன. அடுத்த வீட்டு உப்பளக்காரர் வந்து பார்த்தார். "ரெண்டு மூட்டை உப்பை மூலையில வையும். ஈரத்தைப் பூரா உறிஞ்சிரும்." வைத்தேன். உறிஞ்சியது, உண்மை. உறிஞ்சியதை வைத்துக்கொள்ளத்தான் அதற்குத் தெரியவில்லை! மூட்டைக்கு அடியில் தண்ணீர் கசிந்து பலகையிலேயே ஊறியது. உப்பிலேயே பிறந்து வளர்ந்த ஊர். எங்கள் இருவருக்குமே இது தோன்றவில்லை பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் முற்றத்தில் சவரம் செய்துகொண்டிருந்தேன். படார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், அசையவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடுவிலுள்ள பலகைகள் அப்பளம் மாதிரி உப்பி, உள்பக்கம் திறக்கும் கதவை முட்டிக்கொண்டு நின்றன.

"கதவைத் தெறங்க. நான் இன்னைக்கே எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்தத் தரையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் உள்ளேயிருந்து.

அடைத்த அறை, ஈரம், அவளுடைய மூச்சு... பாதி சவரத்தோடு சூசை வீட்டுக்கு ஓடினேன்.

அவர் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"தோணியில பலகை ஊறி, உப்பி, ஒண்ணோட ஒண்ணு இறுகணும் ஐயா. அப்பத்தான் தண்ணி ஏறாது. அதே கணக்குல வீட்டுக்கும் அடிச்சிட்டேன்."

"வீடு என்ன கொழும்புக்கா போவுது அண்ணாச்சி?" என்றாள் பொன்னம்மாள்.

"கோவிச்சிக்கிடாத தாயி. சுவரோரம் கடைசிப் பலகைக்கு நான் ஆணி அடிக்கல. அதை நெம்பி எடுத்துட்டா மத்தது தானா அடங்கிரும்" என்று கம்பிக்கு நடுவே கடப்பாறையை உள்ளே நீட்டினார்.

"வேண்டாம்! இழுப்பு வந்துரும்! கதவை உடைச்சிரலாம்!" என்று கத்தினேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று கடப்பாறையை வாங்கிக்கொண்டாள் பொன்னம்மாள்.

ஒரு நெம்பு. இன்னொரு நெம்பு. மூன்றாவதில் பலகை கிளம்பிவிட்டது. தடதடவென்று மொத்தத் தரையும் தாழ்ந்து படுத்தது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன் — திறந்துகொண்டது!

கையில் கடப்பாறையோடு, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். நான் பக்கத்தில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... மூச்சில் அந்த விசில் சத்தம் இல்லை. அப்பாடா! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

அன்றைக்கே சூசை ஓரப் பலகைகளைச் செதுக்கி, நாலு சுவரையும் ஒட்டி ஒரு விரற்கடை இடம் விட்டார். உப்பு மூட்டை வெளியே போயிற்று. பதிலுக்குக் காளவாயிலிருந்து நீர் படாத சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிவந்து, மண்பானைகளில் போட்டு, சமையலறை உட்பட வீடு முழுக்க வைத்துவிட்டார். அது ஈரத்தைக் குடித்துவிட்டுப் பொடியாகிறது, கசிவதில்லை. பொடியானதும் மாற்றிவிட்டால் சரி. மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தரை வாயைத் திறக்கவில்லை. பொன்னம்மாள் அதன்மேல் பாய் விரித்து நிம்மதியாகத் தூங்குகிறாள்.

யோசித்துப் பார்த்தால், அவரவர் தொழிலையே எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கொடுக்கிறோம். தோணிக்காரர் தோணி கட்டினார். உப்பளக்காரர் உப்பு வைத்தார். நான் மட்டும் யோக்கியமா? ஒரு மழையைக்கூடப் பார்க்காமல் கட்டுரை எழுதினேன்!

நேற்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கார்டு வந்தது. "அறையை ஒழித்து ஒரு வாரமாயிற்று. நெல் தாழ்வாரத்தில் சாரலில் நனைகிறது. என்றைக்கு வருகிறாய்?"

பொன்னம்மாள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீங்களே பதில் போட்டிருங்க."

ஒரே வரிதான் எழுதினேன் — நெல்லை உள்ளே எடுத்து வையுங்கள், மச்சான்.