மஞ்சள்தானே என்று கொடுத்த காப்ஸ்யூல்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருஷம் பார்மசிஸ்டாக இருந்தேன். அதில் ஒரு சம்பவத்தை, இனி கவுண்டரில் நிற்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எழுத எனக்கு விருப்பமில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வயதானவர்களுக்கு மலையாள எழுத்தும் அரைகுறைதான். அதனால் மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டு, மேலே பேனாவால் கோடு போட்டுக் கொடுப்போம். மூன்று கோடு என்றால் மூன்று வேளை.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, மூட்டுவலிக்கு மஞ்சள் காப்ஸ்யூல் நன்றாக விற்றது. முதலில் வந்தது உடம்பில் அதிகம் சேராது. தினம் மூன்று கொடுப்போம். பிறகு மிளகுச் சத்து சேர்த்த புது சரக்கு வந்தது. இது பல மடங்கு சேரும், தினம் ஒன்றே போதும் என்றார் கம்பெனி ரெப். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று டப்பாவில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் நான் படித்திருந்தேன்.

முருகேசண்ணன் கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை வேலை பார்த்து ரிட்டயரானவர். இதய வால்வு ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமலிருக்கும் அந்த மாத்திரையை என்னிடம்தான் வாங்குவார். அவருடைய முட்டிவலிக்கு மஞ்சள் காப்ஸ்யூல் கேட்டு மனைவி வள்ளியக்கா வந்தார். நான் தயங்கி முதலாளியைப் பார்த்தேன்.

“மஞ்சளும் குருமிளகும்தானே? இது மருந்தில்ல, ஆகாரம். ஆளைத் திருப்பி அனுப்பாதே,” என்றார்.

பின்னால் கூட்டம் நின்றது. புது சரக்கில் அறுபது எண்ணிப் போட்டேன். பழைய பழக்கத்தில் கை மூன்று கோடு போட்டது.

பத்தாம் நாள் முருகேசண்ணனுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, மலம் கறுப்பாகப் போனது. எறணாகுளத்தில் அட்மிட் செய்தார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாராம் வள்ளியக்கா. மஞ்சளை யார் மருந்தென்று சொல்வார்கள்? செய்தி கடைக்கு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் கடைக்குப் பூட்டு விழும் என்றார் முதலாளி. வேலை போய்விடும் என்று பயந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காலையிலேயே அவருக்கு மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. மறுநாள் இறந்துபோனார்.

துக்கம் கேட்கப் போனபோது வள்ளியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ கோடு போட்டபடிதான் கொடுத்தேன், மோளே. ஆஸ்பத்திரியிலயும் ஒரு நேரம் முடக்கலை, விடாம கொடுத்தேன்.”

உடம்பில் நன்றாகச் சேரும் என்றால் குறைவாகக் கொடு என்று அர்த்தம். வேறென்ன சாப்பிடுகிறார் என்று கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே சொல்லுங்கள். டாக்டரிடம் சொன்ன நான், வள்ளியக்காவிடம் கடைசிவரை சொல்லவில்லை.